நாடற்றவர் வரலாறு – 12: கோடகன் பிள்ளை வழக்கு

இலங்கையின் கேகாலை மாவட்டத்தில் ருவன்வெல்லை ஒரு தேர்தல் தொகுதி. அதன் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று ஜி.எஸ்.என். கோடகன் பிள்ளை என்ற இந்திய வம்சாவளித் தமிழர் விண்ணப்பித்தார். உதவிப் பதிவு அதிகாரி முதனாயக்க மறுத்துவிட்டார். விண்ணப்பித்தவர் இலங்கைப் பிரஜை அல்ல என்பதுதான் அவர் சொன்ன காரணம். அந்த மறுப்பை எதிர்த்துக் கிளம்பிய வழக்கு, கொழும்பு உச்ச நீதிமன்றம் ஏறி, லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953-ல் வந்த இறுதித் தீர்ப்பு, மலையகத் தேயிலைத் தோட்டங்களின் பல லட்சம் மக்களைப் பல பத்தாண்டுகளுக்கு நாடற்றவர்களாக நிறுத்தி வைத்தது.

கடந்த இதழில், 1948 ஆகஸ்டில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் கொழும்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறியதைப் பார்த்தோம். அந்தச் சட்டம் நீதிமன்றத்தின் முன் நின்ற கதையை இந்த இதழில் பார்ப்போம்.

பெயர் சொல்லாத சட்டம்

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டத்தை வரி வரியாகப் படித்தாலும் 'தமிழர்' என்றோ 'இந்தியர்' என்றோ 'தோட்டத் தொழிலாளர்' என்றோ ஒரு சொல் கிடைக்காது. அது கேட்பதெல்லாம் வம்சாவளியைத்தான். சட்டம் நடைமுறைக்கு வந்த 1948 நவம்பர் 15-க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இதற்கு வெளியே இருப்பவர்களுக்குப் பதிவு மூலம் பிரஜாவுரிமை தரவும் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் நாட்டுக்குச் சிறப்பாகத் தொண்டாற்றியவர்களுக்கென்று வைத்த வழியில் ஆண்டுக்கு 25 பேர்தான் போக முடியும்.

அப்போது தீவில் இந்தியத் தமிழர் எத்தனை பேர்? 1946 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 7,80,000 பேர். மொத்த மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

இந்தச் சட்டம் ஒரு லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்குள், நுழைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1918-ல் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்த ஆள், 1948-ல் முப்பது வயதுக்காரர். கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியுமாக வளர்ந்தவர். தேவகோட்டையையோ துறையூரையோ கண்ணால் கண்டிராதவர். அவர் தந்தை 1890 வாக்கில் பிறந்திருப்பார். பிறப்புப் பதிவு இலங்கையில் முறையாகக் கட்டாயமானதே 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான். அதற்கு முன் லயத்தில் பிறந்த குழந்தைக்கு எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கும்? போதாததற்கு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். தாயின் ஊர் தமிழ்நாட்டில் இருந்தால் பிள்ளை அங்கே பிறக்கும். கைக்குழந்தையாகவே திரும்பவும் தோட்டத்துக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கத் தேயிலைக்கு உழைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் 'வெளியே பிறந்தவர்'. அவருடைய பிள்ளைகள், லயத்திலேயே பிறந்தவர்களாக இருந்தாலும், 'வெளியே பிறந்தவரின் பிள்ளைகள்'.

இதே அளவுகோலை ஒரு சிங்களக் கிராமத்தில் வைத்தாலும் பலரிடம் பாட்டனின் பிறப்புச் சான்று இருந்திருக்காது. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஊரும் பெயருமே அவர்களுக்குச் சான்றாக நின்றன. சான்று கேட்கப்பட்டது மலையகத் தமிழரிடம்தான். எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட சட்டம் ஒரே ஒரு சமூகத்தின் கதவை மட்டும் தட்டியது.

வாக்கு எப்படிப் போனது

பிரஜாவுரிமை போனதோடு நிற்கவில்லை. 1949-ல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்று ஆக்கினார்கள். 1947 தேர்தலில் இந்திய வம்சாவளித் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றிருந்தது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை ஆகியோர் அப்போது வென்றவர்கள். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்களைக் கரையேற்றியது. ருவன்வெல்லையே அதற்கு நல்ல உதாரணம். சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா வென்ற தொகுதி அது. குடியுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்து நின்றதும் அவர் கட்சிதான்.

ஆகவே கோடகன் பிள்ளையின் விண்ணப்பத்தை ஒரு தனிமனிதரின் குறையாகப் பார்த்தால் வழக்கு விளங்காது. ஒரு சமூகத்தின் அரசியல் உயிர் அந்த விண்ணப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு திருத்த அதிகாரியின் துணிவு

பதிவு அதிகாரி மறுத்ததும் மேல்முறையீடு திருத்த அதிகாரி என். சிவஞானசுந்தரம் முன் வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது, நீக்குவது பற்றிய தகராறுகளைத் தீர்ப்பது அந்தப் பதவியின் வேலை. அவர் நினைத்திருந்தால் "இவர் பிரஜை அல்ல, மனு தள்ளுபடி" என்று எழுதிவிட்டு அடுத்த கோப்பை எடுத்திருக்கலாம். 1951-ல் அவர் செய்தது வேறு. குடியுரிமைச் சட்டமே செல்லுமா என்று கேட்டார்.

அவர் கையில் இருந்த கருவி, அன்று இலங்கையில் நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆவது பிரிவு. சிறுபான்மையினருக்குக் காப்பு என்று அன்று சொல்லப்பட்டது அது. ஒரு சமூகத்தவருக்கோ மதத்தவருக்கோ மற்றவர்களுக்கு இல்லாத தடைகளையும் குறைபாடுகளையும் உண்டாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது. இயற்றினால் அது செல்லாது என்பது அதன் சாரம். குடியுரிமைச் சட்டம் இந்தியத் தமிழர்மீது அப்படிப்பட்ட குறைபாட்டைச் சுமத்துகிறது, எனவே அது செல்லாது, கோடகன் பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று சிவஞானசுந்தரம் முடிவு சொன்னார்.

நீதிபதியாகக்கூட இல்லாத ஓர் அதிகாரி, ஆளும் அரசின் மையக் கொள்கையை அரசியலமைப்போடு உரசிப் பார்த்துச் செல்லாது என்று எழுதியது சாதாரண செயல் அல்ல. மலையக வரலாற்றில் அவர் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்பது என் கருத்து.

கொழும்பில் தோல்வி

அரசு சும்மா இருக்குமா? திருத்த அதிகாரியின் முடிவை ரத்துசெய்யக் கோரி உச்ச நீதிமன்றம் போனது. தலைமை நீதிபதி ஜயதிலக, நீதிபதிகள் கிரேஷன், குணசேகர ஆகியோர் விசாரித்து, அதே 1951-ஆம் ஆண்டில் அந்த முடிவை ரத்துசெய்தார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பாதை எளிது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன. எந்தச் சமூகத்தையும் அவை குறிப்பிடவில்லை. அப்படியிருக்க, வெளியிலிருந்து புள்ளிவிவரங்களையும் அறிக்கைகளையும் கொண்டுவந்து, நடைமுறையில் இது யாரைப் பாதிக்கிறது என்று நீதிமன்றம் ஆராயத் தேவையில்லை. சட்டரீதியாகச் சொற்களிலிருந்து என்ன விளைகிறது என்று பார்த்தால் போதும்.

இந்த வாதத்தின் ஆபத்து இங்கேதான். பாகுபாடு காட்ட நினைக்கிற எந்த அரசும் இனத்தின் பெயரைச் சட்டத்தில் எழுதி வைக்காது. பிறந்த இடம், வந்த தேதி, வைத்திருக்கும் காகிதம், சம்பாத்தியம் என்று ஏதாவது ஒரு பொது அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும். யார் தேறுவார், யார் விழுவார் என்பது அந்த அளவுகோலைத் தேர்ந்தெடுத்தவருக்கு முன்கூட்டியே தெரியும். நீதிமன்றம் சொல்லை மட்டும் பார்த்தால், பெயர் எழுதாமல் இருக்கும் சாமர்த்தியம் ஒன்றே அரசுக்குப் போதும். எந்தக் காப்புப் பிரிவும் பயனற்றுப் போகும்.

லண்டனில் திறந்து மூடிய கதவு

சுதந்திரம் வந்த பின்னும் இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றம் லண்டன் பிரிவி கவுன்சில்தான். அங்கே கோடகன் பிள்ளையின் வழக்குக்குத் தீர்ப்பெழுதியவர் ஓக்சி பிரபு. அந்தத் தீர்ப்பின் முற்பகுதியைப் படிக்கும்போது மனுதாரர் ஜெயித்துவிட்டார் என்றே தோன்றும்.

ஏனென்றால் கொழும்பு நீதிபதிகள் மறுத்த ஒன்றை லண்டன் ஏற்றுக்கொண்டது. ஒரு சட்டம் அரசியலமைப்பின் தடையை நேரடியாக மீறாதபடி எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் தடுக்கப்பட்ட அதே விளைவை மறைமுகமாக அடையலாம். அப்படிச் செய்தால் அது செல்லாது என்று பிரிவி கவுன்சில் ஒப்புக்கொண்டது. ஆணைக்குழு அறிக்கைகள் போன்ற வெளி ஆதாரங்களைப் பார்க்கலாம் என்றும் சொன்னது. பெயர் சொல்லாமல் அடிக்கிற சட்டத்தைப் பிடிக்க இதுதான் சரியான கொள்கை.

ஆனால் கொள்கையைத் திறந்துவிட்டு வழக்கை மூடிவிட்டார்கள். தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான, நியாயமான உரிமை என்றார்கள். எழுத்தறிவு, சொத்து, பிறப்பு, வசிப்பு என்று அளவுகோல் வைப்பது அந்த உரிமைக்குள் அடங்கும் என்றார்கள். இந்தியத் தமிழர்கள் வந்து போகும் பழக்கமுள்ளவர்கள் என்ற ஆணைக்குழுக்களின் வர்ணனையை எடுத்துக்கொண்டு, அது பிரஜைகளாவதற்கான தகுதி பற்றிய விஷயமே தவிர, ஒரு சமூகம் என்ற முறையில் அவர்களைக் குறிவைப்பது ஆகாது என்றார்கள்.

தோட்டத்தின் உள்ளிருந்து பார்த்தால் இந்த வர்ணனை எவ்வளவு கொடுமையானது என்பது புரியும். அந்த மக்களை வந்து போகிறவர்களாக வைத்திருந்தது யார்? காப்பித் தோட்டக் காலத்தில் பருவத்துக்கு ஆள் வேண்டும், பருவம் முடிந்தால் போக வேண்டும் என்று வைத்தவர்கள் துரைமார்கள். தேயிலை வந்த பிறகு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டியிருந்ததால் குடும்பம் குடும்பமாக நிலைத்துவிட்டார்கள். அதன் பிறகும் அவர்கள் குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு கொல்லை நிலம்கூட அவர்கள் பெயரில் கிடையாது. நிலைத்து வாழ நிலம் கொடுக்காமல் மூன்று தலைமுறை வேலை வாங்கிவிட்டு, நிலைத்து வாழாதவர்கள் என்று அவர்கள்மீதே பழி போட்ட வாதத்தை பிரிவி கவுன்சில் தகுதிப் பிரச்சினையாக ஏற்றுக்கொண்டது.

சாக்காக நின்ற இரண்டாவது சட்டம்

தீர்ப்பு இன்னொரு தூணையும் பிடித்துக்கொண்டது. 1949-ல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் வந்திருந்தது. திருமணமானவர்கள் 7 ஆண்டு, மணமாகாதவர்கள் 10 ஆண்டு இடைவிடாமல் இலங்கையில் வசித்ததாகக் காட்டி, இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் பதிவுப் பிரஜை ஆகலாம். இப்படியொரு வழி இருக்கும்போது, முதல் சட்டத்தின் நோக்கம் இந்தியத் தமிழரை வெளியேற்றுவதுதான் என்று சொல்ல முடியாது என்பது பிரிவி கவுன்சிலின் முடிவு.

காகிதத்தில் இருந்த வழி தோட்டத்தில் எப்படி இருந்தது? வசிப்பைக் காட்டத் தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலின் நகல் வேண்டும். அது கணக்கப்பிள்ளையிடமும் துரையிடமும் இருந்தது. ஒரே பயணத்தில் 12 மாதத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் வசிப்பு முறிந்துவிடும். மனைவி மக்களும் தொடர்ந்து இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். வருமானம் போதும் என்று காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், விசாரணை அதிகாரியின் மேசைக்கு முன் நின்று, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்த மாதம் கப்பலேறினாள், எந்த மாதம் திரும்பினாள் என்று பிசகாமல் சொல்ல வேண்டும். கணவன் சொன்னதற்கும் அவள் சொன்னதற்கும் மாதம் மாறினால் குடும்பமே விழுந்துவிடும்.

தொடக்கத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் இந்தச் சட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்னதால் விலைமதிப்பற்ற மாதங்கள் வீணாயின. பிறகு மனம் மாறி எல்லோரையும் விண்ணப்பிக்க வைத்தார்கள். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. குடும்பத்தாரையும் சேர்த்தால் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர். பல ஆண்டு விசாரணைக்குப் பிறகு பிரஜைகளானவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்தான். வெளியேற்றும் நோக்கம் இல்லை என்பதற்கு லண்டன் எடுத்துக்காட்டிய சட்டம், விண்ணப்பித்தவர்களில் ஆறில் ஒரு பங்கினரைத்தான் உள்ளே விட்டது.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பு வருவதற்கு முன்பே 1952 தேர்தல் நடந்து முடிந்துவிட்டது. மலையகத் தமிழர் பெருவாரியாகப் பட்டியலில் இல்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் தலைவர்கள் கொழும்பில் பல மாதம் சத்தியாக்கிரகம் இருந்தும் பயனில்லை. இன்னொரு அநியாயமும் சேர்ந்துகொண்டது. தொகுதிகளைப் பிரிக்கும்போது வாக்கில்லாத தோட்ட மக்களையும் தலையெண்ணிக் கணக்கில் சேர்த்தார்கள். அவர்கள் தலையால் கூடிய இடங்களுக்கு அக்கம்பக்கத்துச் சிங்கள வாக்காளர்கள் ஆள் அனுப்பினார்கள். 1952 முதல் 1977-ல் தொண்டமான் வெல்லும் வரை, மலையகத் தமிழர் தம் வாக்கால் தம் ஆளை நாடாளுமன்றத்துக்கு அனுப்ப முடியவில்லை.

இந்தியாவும் அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை. இலங்கையில் வாழ்ந்து உழைத்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது நேருவின் நிலை. நியாயமான நிலைதான், ஆனால் நடுவில் நின்றவர்கள் கையில் எந்த நாட்டுக் காகிதமும் இல்லை. கடைசியில் 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிக்குப் பாதி என்று பிரித்தார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் அந்தப் பங்கீட்டின் மனிதர்கள்.

பின்னாளில், அந்த அரசியலமைப்பை வகுத்த ஆணைக்குழுவின் தலைவர் சோல்பரி பிரபுவே, அடிப்படை உரிமைகளை அரசியலமைப்பில் உறுதியாகப் பதிக்கப் பரிந்துரைக்காமல் விட்டதற்கு வருந்தி எழுதினார். இலங்கை தன் தவறைச் சரிசெய்ய 1986, 1988, 2003 என்று மூன்று சட்டங்கள் தேவைப்பட்டன.

தமிழ்நாட்டு நீதிமன்றத்தில்

இது அக்கரைக் கதை மட்டும் அல்ல. இலங்கையில் 1983-ல் நடந்த தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பின் அகதிகளாக வந்தவர்களில் மலையகத்து இந்திய வம்சாவளியினரும் உண்டு. பாட்டனார் இங்கிருந்து போனவர். பேரனுக்கு இங்கே அகதி முகாம். அப்படிப்பட்ட 65 பேர் இந்தியக் குடியுரிமை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தொடுத்த வழக்கில், 2019 ஜூன் 17 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், அரசு அதைப் பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அனுமதியின்றி வந்தவர்கள் என்ற ஒரு காரணத்தைக் காட்டி கதவை மூடாமல், அவர்கள் யார், ஏன் வந்தார்கள் என்று நீதிமன்றம் கேட்டது. 2022-ல் அதே கிளை, 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு முகாம்வாசிப் பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது நம் சட்டம். அந்தச் சட்டம் அவர் விஷயத்திலும் பொருந்தும் என்று சொல்லவே ஒரு வழக்கு தேவைப்பட்டது.

நான் வசிக்கும் சென்னைப் பள்ளிக்கரணையில் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் படிவங்கள் வீடு வீடாக வந்தன. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தன் பெயர் அல்லது பெற்றோர் பெயர் எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று எழுத வேண்டும். வெளிமாவட்டத்திலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து அடுக்ககத்தில் குடியிருப்பவர்கள் செல்போனில் தேடி எடுத்துவிட்டார்கள். நகரத்துக் கூவக் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு அது அவ்வளவு எளிது அல்ல. பழைய குடிசை இருந்த தெருவே இப்போது இல்லை. பட்டியலை எங்கே தேடுவது? இந்தத் திருத்தமும் 1948 சட்டமும் ஒன்றல்ல. அதைக் குழப்பக் கூடாது. ஆனால் ஒரே படிவம் இரண்டு வீடுகளில் இரண்டு விதமான கனத்தோடு இறங்குகிறது என்ற உண்மை இரண்டுக்கும் பொது. ருவன்வெல்லை வழக்கை இன்று படிக்க அதுவே போதுமான காரணம்.

குடியுரிமை தொடர்பான எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் மூன்று கேள்விகளால் சோதிக்க வேண்டும் என்று கோடகன் பிள்ளை வழக்கு எனக்குச் சொல்கிறது. சட்டத்தின் சொல் இருக்கட்டும், அதன் பாரம் யார் தோளில் இறங்குகிறது? சான்று காட்டும் கடமையை, சான்றே இல்லாமல் வைக்கப்பட்ட மக்களின் தலையில் கட்டுவது நியாயமா? வேறு நாட்டின் குடியுரிமை கையில் இல்லாதவரிடமிருந்து இருப்பதைப் பறிக்கலாமா? இலங்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள், 1948 டிசம்பர் 10 அன்று, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு தேசத்தின் குடியுரிமை உண்டு என்று ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் அறிவித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1958-ல் டிராப் வழக்கில், தண்டனையாகக்கூட ஒருவரின் குடியுரிமையைப் பறித்து நாடற்றவராக்கக் கூடாது என்றது. நாடற்ற நிலையைக் குறைக்க 1961-ல் வந்த சர்வதேச உடன்படிக்கையில் இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. சேர வேண்டும் என்று கேட்கும் உரிமை, இரண்டு கரையிலும் இந்த வலியை அறிந்த தமிழருக்கு மற்ற எவரையும் விட அதிகம்.

அடுத்த இதழில்: பிரஜாவுரிமை விசாரணை அதிகாரிகளின் மேசைகளில் என்ன நடந்தது, 1958-ல் பிரிவி கவுன்சில் வரை போன துரைசாமி வழக்கு என்ன கேட்டது என்பதைப் பார்ப்போம்.